நோட்டீஸ் கொடுத்ததற்கு மெமோ: பல்கலைக்கழக வளாகத்தில் சங்கத்துக்கு எவ்வளவு உரிமை?

கேள்வி: ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் 11 ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கான எங்கள் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது. பணி நிரந்தரம் கேட்டு அச்சடித்த நோட்டீஸை மதிய இடைவேளையில் கேன்டீன் வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தோம். செக்யூரிட்டி கட்டோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பதிவாளரிடமிருந்து மெமோ: அனுமதியின்றிப் பிரசுரம் விநியோகித்தது ஒழுங்கீனமாம், 7 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். இதைக் கண்டித்து, செமஸ்டர் தேர்வு தொடங்கும் நாளில் மெயின் கேட்டை மறிக்கலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். நாங்கள் செய்தது தவறா? மறியல் செய்தால் என்ன ஆகும்?

பதில்: மறியலுக்கு அப்புறம் வருகிறேன். 7 நாள் ஓடிக்கொண்டிருப்பதால் மெமோதான் முதலில்.

நோட்டீஸ் அச்சடித்துக் கொடுப்பது குற்றமல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 19(1) பிரிவு பேச்சுரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றையும் தருகிறது. அரசு ஊழியர்கள் எந்த வகை ஆர்ப்பாட்டமும் நடத்தக் கூடாது என்று பீகார் அரசு போட்ட விதியை, 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆனால் உங்கள் வழக்கில் சிக்கல் இடம்தான். 1969-ல் ரயில்வே வாரியத்துக்கும் நிரஞ்சன் சிங்குக்கும் இடையிலான வழக்கில், பேசவும் கூடவும் உரிமை உண்டு என்பதற்காக அதை நிர்வாகத்துக்குச் சொந்தமான இடத்துக்குள் வைத்துத்தான் பயன்படுத்துவேன் என்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைத்தான் பதிவாளர் தரப்பு கையில் எடுக்கும். உள்ளே நோட்டீஸ் கொடுப்பது எங்கள் அடிப்படை உரிமை என்று மட்டும் எழுதினால் அந்தப் பதில் நிற்காது.

வேறு வழி இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் சட்டத்தின் பார்வையில் 'அரசு'. அரசு என்றால் ஆளுக்கொரு நீதி கூடாது, அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு அதைத் தடுக்கிறது. அதே கேன்டீன் வாசலில் கலைவிழா நோட்டீஸும், கோச்சிங் சென்டர் விளம்பரமும், வேறொரு சங்கத்தின் மாநாட்டு அழைப்பும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தால், உங்களுக்கு மட்டும் மெமோ ஏன் என்று கேட்கலாம். அவற்றில் ஒன்றிரண்டைத் தேதியோடு எடுத்து வையுங்கள், நாளை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் அவைதான் பேசும். தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால் இந்த வாதம் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

ஆகவே பதிலை இப்படி எழுதுங்கள். மதிய இடைவேளையில், வேலை கெடாமல், விரும்பி வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தோம், யாரையும் தடுக்கவில்லை. அனுமதி வாங்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது, அதன் நகலைத் தாருங்கள். எடுத்துச் சென்ற நோட்டீஸ் கட்டை எந்த அதிகாரத்தில் எடுத்தீர்கள், அதைத் திருப்பித் தாருங்கள். இவ்வளவு போதும். மன்னிப்பு கேட்க வேண்டாம், வசவும் வேண்டாம். மெமோவுக்குப் பதிலாக மூன்று பக்கம் கோபத்தைக் கொட்டி, அந்தப் பதிலையே இரண்டாவது குற்றச்சாட்டாக வாங்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸின் வாசகத்தையும் ஒரு முறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். 'எங்கள் பி.எஃப். பணத்தை அதிகாரிகள் சுருட்டிவிட்டார்கள்' என்று இருந்தால் அது அவதூறு வழக்குக்கு அழைப்பு. 'எங்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். தொகை மூன்று மாதமாகக் கணக்கில் ஏறவில்லை, மனு கொடுத்தும் பதில் இல்லை' என்பது அதே விஷயம்தான், கையில் ரசீதும் பாஸ்புக்கும் இருந்தால் யாரும் அசைக்க முடியாது. சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் கீழே இருக்கட்டும். மொட்டை நோட்டீஸ் என்றால் படிப்பவர்களும் நம்ப மாட்டார்கள். சுவரில் ஒட்டவே வேண்டாம். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வீணாக அதில் மாட்டாதீர்கள்.

சரி, மறியலுக்கு வருவோம்.

தொழிலக உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் செய்யக் கூடாத முறையற்ற செயல்கள் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வேலைக்கு வருபவரை உடலால் தடுக்கும் மறியல், அதிகாரியைச் சூழ்ந்து நின்று வெளியே விடாத கெரோ, அதிகாரியின் வீட்டு முன் ஆர்ப்பாட்டம் எல்லாம் அதில் அடக்கம். மறியல் என்றாலே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'உடலால் தடுப்பது' என்ற இடத்தில்தான் கோடு. கேட்டின் ஓரம் வரிசையாகத் தட்டி பிடித்து நின்று, உள்ளே போகிறவரிடம் நோட்டீஸை நீட்டி, 'ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க சார்' என்று சொல்வது பேச்சு. கைகோர்த்து கேட்டை அடைத்தால் அது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவில் வரும் முறையற்ற தடை. அதிகாரியை அறைக்குள் அடைத்தால் 127. ஐந்து பேர் சேர்ந்து செய்தால் சட்டவிரோதக் கூட்டம் என்ற 189-ம் கூடவே வரும்.

பதிவு பெற்ற சங்கம் என்ற பாதுகாப்பு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதன் கதை சென்னையில்தான் தொடங்குகிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பி.பி. வாடியா மீது, 1920-ல் ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. தொழிலாளியை வேலைக்குப் போகாதே என்று சொல்வதே நஷ்டஈட்டுக்குரிய குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. அந்த அநியாயத்துக்கு எதிராக எழுந்த குரல்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் சங்கங்களுக்குப் பாதுகாப்பாக வந்து சேர்ந்தது. இப்போதைய சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. எவ்வளவோ பேர் பட்டினி கிடந்து வாங்கிய பாதுகாப்பு அது. ஆனால் அது தொழில் தகராறில் பேசுவதையும் திரட்டுவதையும்தான் காக்கும், வழி மறிப்பதைக் காக்காது.

தேர்வு நாளில் கேட்டை மறிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அன்று வெளியே நிற்கப்போவது ஹால் டிக்கெட்டோடு வந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவர் தேர்வைத் தவறவிட்டால், உங்கள் 11 ஆண்டு உழைப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அந்த ஒரு பிள்ளையைப் பற்றித்தான் பேசுவார்கள். நிர்வாகம் அன்றைக்கே நீதிமன்றம் போய், கேட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று தடையாணை வாங்கிவிடும்.

அதற்குப் பதில், தேர்வு முடிந்த பிறகு ஒரு நாள் மாலை, பணி நேரம் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே வாயிற்கூட்டம் நடத்துங்கள். வெளியே சாலை என்பதால் போலீஸ் அனுமதி வேண்டும். சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவும், மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவும்தான் பெரும்பாலும் காட்டப்படும். ஒரு வாரம் முன்பே நேரம், இடம், ஆள் எண்ணிக்கை எழுதி மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்க முடியும்.

வேலையை நிறுத்துவதாக இருந்தால் கதை வேறு. புதிய சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். இந்தச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துமா என்றால், கல்வி நிறுவனமும் தொழில்தான் என்று 1978-ல் பெங்களூர் குடிநீர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது, ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று 1988-ல் சுந்தரம்பாள் வழக்கில் சொல்லப்பட்டது. நீங்கள் ஆய்வக உதவியாளர் என்பதால் உங்கள் பக்கம் வலு அதிகம். எங்களுடையது அறச்சேவை, இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று நிர்வாகம் வாதாடிப் பார்க்கலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

பணி நிரந்தரக் கோரிக்கையைத் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் சங்கத்தின் பெயரில் இப்போதே கொடுத்துவிடுங்கள். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அந்தத் தகராறோடு தொடர்புள்ள காரணத்துக்காக உங்களை முன் அனுமதியின்றி வேலையை விட்டு நீக்க முடியாது. மெமோவுக்கான பதிலை இன்று இரவே எழுதி, நாளை காலை பதிவாளர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கையோடு தபால் நிலையம் போய், டெலிவரி சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.