என்.என்.பி. படிப்புக்குத் தயாராவது: கேள்வி பதில்

அமெரிக்காவில் நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் (என்.என்.பி.), அதாவது பச்சிளங்குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் மேற்படிப்பு படித்த நர்ஸ் ஆக நினைக்கும் நர்ஸ்களின் கேள்விகள் இவை. சம்பளம், விசா பற்றி வந்தவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

கே: சிஸ்டர், லெவல் 2 நர்சரியில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பம் போடலாம், ஆனால் அந்த மூன்று வருடம் கணக்கில் வராது. பெரும்பாலான கல்லூரிகள் பின்பற்றும், பச்சிளங்குழந்தை நர்ஸ்களின் சங்கமான என்.ஏ.என்.என்.னின் அளவுகோல், கிளினிக்கல் வகுப்பு (மருத்துவமனைப் பயிற்சி) தொடங்குமுன் லெவல் 3 அல்லது 4 என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இரண்டு வருட முழுநேர வேலை இருக்க வேண்டும் என்பது. அதுவும் கடைசி ஐந்து வருடத்துக்குள் பார்த்த வேலையாக இருக்க வேண்டும். காரணம் எளிது. லெவல் எண் கூடக் கூட நிலை மோசமான குழந்தைகள். லெவல் 2-க்கு வருவது கருவில் 32 வாரம், எடையில் 1500 கிராம் தாண்டிய குழந்தைகள். வென்டிலேட்டர் போட்டாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நீங்கள் படிக்கப்போவதோ 24 வாரக் குழந்தையைப் பற்றி. சில கல்லூரிகள் முதலில் சேர்த்துக்கொண்டு, தியரி முடிவதற்குள் இந்த அனுபவத்தை முடிக்கச் சொல்லும். உங்களுக்கு அந்த வழி ஒத்துவரும். இப்போதே லெவல் 3-க்கு மாறுங்கள்.

கே: ஆன்லைன் படிப்பில் சேரலாமா மேடம்?

தியரி ஆன்லைனில் இருப்பதில் குறையில்லை. மாட்டிக்கொள்வது கிளினிக்கலில். பழைய அளவு குறைந்தது 600 மணி நேரம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கு 2022-இல் வந்த தேசியத் தரநிலை 750 கேட்கிறது. அந்த மணி நேரத்துக்கு மருத்துவமனையையும், அங்கே கூடவே இருந்து பயிற்சி தரும் பிரீசெப்டரையும் பிடிப்பது யார், கல்லூரியா நீங்களா? பணம் கட்டுவதற்கு முன் இதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மாநிலத்தில் இருக்கும் மாணவரைச் சேர்க்கக் கல்லூரிக்கு அனுமதி உண்டா, கிளினிக்கல் நடக்கும் மாநிலத்தின் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மருத்துவமனையும் கல்லூரியும் ஒப்பந்தம் போடவே மாதக்கணக்கில் ஆகலாம்.

கே: எம்.எஸ்.என்.னா (நர்சிங் முதுகலை), டி.என்.பி.யா (நர்சிங் முனைவர்)?

என்.என்.பி.களுக்கு என்.சி.சி. என்ற அமைப்பு நடத்தும் சான்றிதழ்த் தேர்வை இரண்டில் எதை முடித்தாலும் எழுதலாம். 2015-க்குள் எல்லோரும் டி.என்.பி. ஆகட்டும் என்று நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-இல் சொன்னது, அது சட்டமாகவில்லை. பக்கத்தில் கிளினிக்கல் இடம் தரும் கல்லூரி எதை நடத்துகிறதோ அதைப் படியுங்கள்.

கே: சேர்வதற்கு முன் இன்ட்யூபேஷன், அதாவது மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது, கற்றுக்கொள்ள வேண்டுமா?

ட்யூபைப் போடுவது படிப்பில் வரும். அதற்கு முன்னால் வரும் முடிவுகளை இப்போதே பழகலாம். டாக்டர் வாய் திறப்பதற்குள் ட்யூபின் உள்விட்டத்தை மி.மீ.யில் மனதில் சொல்லிப் பாருங்கள்: 1 கிலோவுக்குக் கீழே 2.5, 1 முதல் 2 கிலோ வரை 3.0, அதற்கு மேல் 3.5. உதட்டில் எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு கிலோ எடையோடு 6 கூட்டும் பழைய கணக்கு, 750 கிராமுக்குக் கீழே ட்யூபை ஆழமாக இறக்கிவிடும். வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும். மூக்கின் நடுத்தண்டிலிருந்து காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு வரை அளந்து 1 சென்டிமீட்டர் கூட்டுவது மேல். பிறகு எக்ஸ்ரேயில் முனை எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

கே: குழந்தைகள் வார்டில் நான்கு வருடம், லெவல் 2-இல் ஒரு வருடம். சேருமா?

முதல் பதில்தான். வார்டும் சேராது, லெவல் 2-உம் சேராது.

கே: எந்தக் கணக்கை முதலில் படிக்கட்டும்?

குளுக்கோஸ் கணக்கு, அதாவது குழந்தைக்குள் குளுக்கோஸ் போகும் வேகமான ஜி.ஐ.ஆர். மணிக்கு எத்தனை மி.லி. என்பதை டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சதவீதத்தால் பெருக்கி, கிலோ எடையின் ஆறு மடங்கால் வகுக்க வேண்டும்.

900 கிராம் குழந்தை, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு நாளைக்கு 80 மி.லி. என்று வையுங்கள். நாளைக்கு 72, மணிக்கு 3 மி.லி. 3 × 10 = 30; 6 × 0.9 = 5.4. விடை 5.6, கிலோவுக்கு நிமிடத்துக்கு மில்லிகிராமில். பிறகு தொப்புள் தமனி லைன் போட்டு, அதில் டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத திரவம் மணிக்கு 0.5 மி.லி. ஓடுகிறது. மொத்த அளவு மாறக்கூடாது என்று அதை டெக்ஸ்ட்ரோஸில் கழிக்கிறார்கள். 3 இப்போது 2.5, ஜி.ஐ.ஆர். 4.6. இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் இறங்கினால் பழி குழந்தை மேல் விழும்! லைனைப் பார்த்தவருக்குத்தான் காரணம் தெரியும்.

கே: இதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுத் தருகிறதே. கையால் எதற்கு?

நாம் கொடுக்கும் எண்ணை வைத்துத்தான் அது கணக்குப் போடும். 0.9 கிலோவை 9 என்று தட்டினால் 9-க்குத்தான் விடை வரும். விடை வரவேண்டிய இடம் முன்கூட்டியே தெரிந்தவர்தான் திடுக்கிடுவார். 10 சதவீதத்துக்குக் குறுக்கு வழி உண்டு: கிலோவுக்கு நாளைக்கு எத்தனை மி.லி. என்பதை 14.4-ஆல் வகுத்துவிடுங்கள். 80-க்கு 5.6.

அதே நபர்: ஃபார்மசி சரிபார்க்கிறதே சிஸ்டர். மனக்கணக்கில்தான் தப்பு அதிகம் வரும்.

டி.பி.என். பையை (ரத்தநாளம் வழியே முழு ஊட்டம் தரும் பை) ஃபார்மசி பார்க்கும். நள்ளிரவில் அட்மிட் ஆகும் குழந்தைக்கு முதலில் தொங்குவது பெரும்பாலும் வார்டில் தயாராக இருக்கும் பை. வேகத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது நீங்கள். மனக்கணக்கில் தப்பு வரும் என்பது சரி. ஆர்டரைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், மனக்கணக்கு அதைச் சந்தேகப்பட. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பம்பைத் தொடாதீர்கள்.

கே: ஆர்.என்.சி.-நிக், அதாவது என்.ஐ.சி.யு. நர்ஸ்களுக்கான சான்றிதழ்த் தேர்வு எழுதினால் சேர்க்கைக்கு உதவுமா?

உதவும். அதற்கே 24 மாத அனுபவமும் 2000 மணி நேர வேலையும் வேண்டும்.

கே: சேர்க்கைக் கட்டுரையில் என்ன எழுதலாம்?

குழந்தைகள் பிடிக்கும் என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு ஷிஃப்டில் எதைக் கவனித்தீர்கள், எதைச் சந்தேகப்பட்டீர்கள், யாரை எப்போது கூப்பிட்டீர்கள், என்ன ஆனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவர்களில் ஒருவராவது உங்களை வேலையில் நேரில் பார்த்த என்.என்.பி. அல்லது நியோநேட்டாலஜிஸ்டாக இருக்கட்டும்.

கே: பிறகு பெரிய குழந்தைகள் ஐ.சி.யு.வுக்கு மாறிக்கொள்ளலாமா?

என்.என்.பி.யின் எல்லை இரண்டு வயது. பெரிய குழந்தைகள்தான் வேண்டுமென்றால் குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கான வேறு படிப்பைப் பாருங்கள்.

கே: லெவல் 2…

முதல் பதில்.

கே: கல்லூரி 'பிரீசெப்டர் கிடைக்க உதவுவோம்' என்கிறது. போதுமா?

போதாது. 'உதவுவோம்' வேறு, 'தருவோம்' வேறு. இரண்டாவது சொல்லை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

கம்ப்யூட்டர்காரர்: சரி, 14.4 பிடித்துப்போனது. 12.5 சதவீதத்துக்கு?

11.5-ஆல் வகுங்கள். கிலோவுக்கு நாளைக்கு 100 மி.லி. ஓடினால் 8.7 வரும். அதற்கு மேல் அடர்த்தி வேண்டுமென்றால் கைநரம்பில் ஓட்டாதீர்கள், பெரிய ரத்தநாளத்தில் போடும் சென்ட்ரல் லைன் கேளுங்கள்.