செடி வைத்த மீன்தொட்டியில் பாசி அடங்கவில்லை, மருந்து ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். உங்கள் தொட்டி ஜன்னலோரம் இருக்கும்; காலையில் போட்ட விளக்கு படுக்கப் போகும்போதுதான் அணையும்; செடி என்று பேருக்கு நாலு தண்டு நிற்கும். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்பவர்களில் பெரும்பாலோர் நிலைமை இதுதான்.

மருந்து என்றதும் எனக்குப் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு நெல் விவசாயம். நட்ட வயலில் பாசி கட்டினால் மயில்துத்தத்தைப் பொடித்துத் துணியில் முடிந்து வாய்மடையில் போட்டுவைப்பார்கள். பாயும் தண்ணீரோடு கரைந்து போய்ப் பாசியைக் கொல்லும். என் தொட்டியில் நூல்பாசி பிடித்ததைக் கேள்விப்பட்டு, பெரியப்பா மடியில் ஒரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

"ஒரு சிட்டிகை போதும் தம்பி."

"இறால் செத்துப்போகும் பெரியப்பா."

"இதுவா இறால்? ஒரு வாய்க் குழம்புக்குத் தேறாது!"

மயில்துத்தம் செம்பு உப்பு. துளியளவு செம்பே இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. கடையில் விற்கும் பாசிக்கொல்லிகள் பலவற்றிலும் செம்பு உண்டு. செம்பில்லாத மருந்தானாலும், ஒரேயடியாகச் செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அழுகியதைத் தின்று அடுத்த பாசி கிளம்பும்.

"பயிர் மூடிவிட்டால் களை ஏது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?" என்றேன். பொட்டலம் மடிக்குத் திரும்பியது.

அதைத்தான் செய்தேன். விளக்குக்கு டைமர் போட்டு ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். நூல்பாசியைப் பழைய பல் பிரஷில் சுற்றி இழுத்தேன். முக்கியமாக, ஆற்றிலிருந்து வேலம்பாசி (பேரில்தான் பாசி, அது நீர்ச்செடி) கொண்டுவந்து தொட்டியை நெருக்கினேன். வேகமாக வளரும் செடி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் முந்திக்கொண்டு தின்றுவிடும். சில வாரங்களில் நூல்பாசி மெலிந்தது. வடிவாய்க்காலில் மட்டும் செடி எடுக்காதீர்கள், வயலில் அடித்த பூச்சிமருந்தெல்லாம் அங்கேதான் வடியும். ஆற்றுச் செடியையும் தனி வாளியில் சில நாள் போட்டுவைத்து அலசுங்கள். தட்டான் புழு ஒன்று உள்ளே போனாலும் குட்டி மீன்களைப் பிடித்துத் தின்னும்.

செடி செழிக்கக் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது நல்லதுதான், எங்கள் வீட்டில் சமையலுக்கு வரும் சிலிண்டரே போதும். பாசிக்குப் பயந்து செடி உரத்தை அடியோடு நிறுத்துபவர்களைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பட்டினி கிடந்து அழுகும் இலையில்தான் பாசி முதலில் ஏறும். பச்சை ஆடைபோல் வழுவழுப்பாகப் படர்ந்து நாற்றமடித்தால் அது நீலப்பச்சைப் பாசி; உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று நான்கு நாள் போர்வையால் மூடி இருட்டாக்குங்கள்.

பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் உங்களிடம் சக்கர் மீனை நீட்டுவார். விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும். நிறையத் தின்று நிறையக் கழியும். அந்தக் கழிவு பாசிக்கு உரம். தொட்டி கொள்ளாமல் போனதும் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. இங்கே பெருகி, கரையைக் குடைந்து, முள்ளால் வலையைக் கிழிக்கிறது. எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படி விட்டுவிட்டு வந்து, ஓர் உயிரைக் காப்பாற்றிய புண்ணியம் என்றார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.