இலவம்பஞ்சும் நாலடுக்குப் போர்வையும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போடியிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் பழைய பருத்திச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் இலவம்பஞ்சு வைத்து ஒரு போர்வை தைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. ஒரே ஒரு தடவை துவைத்ததும் பஞ்சு ஓரத்துக்கு ஓடி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. காய்ந்த பிறகும் ஒரு ஈர வாடை போகவில்லை. சுங்குடிச் சேலையின் சிவப்பு, பக்கத்திலிருந்த வேட்டித் துணியில் இறங்கிவிட்டது.

மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். பிள்ளைக்கு என் கையால் தைத்து ஒன்று கொடுக்க ஆசை. எங்கே தப்பு செய்தேன்? பழந்துணியில் தைத்ததைக் கொடுத்தால் மனம் கோணுவார்களா? பழைய போர்வையை என்ன செய்வது?

ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் தையலில் குறை இருந்திருக்காது. பஞ்சுதான் இடம் மாறி வந்துவிட்டது. இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடத் தோன்றும்? ஆனால் அதன் இழை வேறு மாதிரி. உள்ளே குழல்போல் வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. இழைக்கு இழை வழுக்கும், ஒன்றையொன்று பற்றாது. தண்ணீரில் மிதப்பதால் ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். அந்த வழுக்கல்தான் உங்கள் போர்வையில் பஞ்சை ஓட வைத்தது. கசக்கிப் பிழிந்ததில் இழை நொறுங்கிக் கட்டியானது. கட்டிக்குள் தங்கிய ஈரம் வாடை வீசியது. இலவம்பஞ்சு மெத்தையை நம் வீடுகளில் யாரும் துவைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வெயிலில் போடுவோம், சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடித்துத் திரும்ப அடைப்போம். பிள்ளை புரளும் போர்வை வாரம் இரண்டு தடவை தண்ணீர் பார்க்கும். கொடுக்கிற போர்வை அந்தத் துவைப்புக்குத் தாங்க வேண்டும். தாங்காது என்று தெரிந்தால் வாங்கியவர்கள் அதைப் பீரோவில் பத்திரப்படுத்திவிடுவார்கள். தைத்த உழைப்பெல்லாம் அங்கேயே மடிந்து கிடக்கும்.

ஆகவே பஞ்சே வேண்டாம். துணிமேல் துணியாக நாலடுக்கு போதும். தெலுங்கில் பொந்த என்றும் கன்னடத்தில் கவுதி என்றும் சொல்வது இதைத்தான். வங்காளத்துக் காந்தாப் போர்வையும் பழஞ்சேலைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக விட்டுப் புள்ளிக்கோடுபோல் ஓட்டுத்தையல் போடுவதுதான். அங்கே தைக்கிற நூலைக்கூடப் பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. பஞ்சு இல்லாததால் நகர எதுவும் இல்லை. தவிர, மூணாற்றில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் மழையும் மூடுபனியுமாக நாள் போகும். கனத்த போர்வை அங்கே காயவே காயாது. குளிர் அதிகமென்று ஒரே போர்வையை எட்டடுக்காகத் தைக்காதீர்கள். நாலடுக்கில் இரண்டு தைத்துக் கொடுங்கள். ஒன்று கொடியில் இருக்கும்போது மற்றது கையில் இருக்கும்.

அளவு 36க்கு 45 இஞ்சு வைத்துக்கொள்ளலாம். மேலடுக்குக்கு 5 இஞ்சுச் சதுரம் 80, எட்டு எட்டாகப் பத்து வரிசை. இரண்டு நூல், அதாவது கால் இஞ்சு, விளிம்பு விட்டுத் தைத்தால் ஒவ்வொரு சதுரமும் நாலரை இஞ்சாக நிற்கும், கணக்குச் சரியாக வரும். நாலு சேலை இருந்தால் சேலைக்கு 20 சதுரம். அடித்துணி 40க்கு 49, நாலு பக்கமும் இரண்டு இஞ்சு கூடுதல். நடுவில் இரண்டடுக்கு வெள்ளை வேட்டி. ஒரு நாலு முழ வேட்டியைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் அந்த இரண்டடுக்கும் கிடைத்துவிடும்.

துணி பொறுக்குவதில்தான் போர்வையின் ஆயுள் இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கொசுவம் தரையில் உரசும் கீழ்ப்பகுதி, உட்காரும் இடம், பின் குத்திய தோள்பகுதி மூன்றும் மெலிந்து வெளிச்சத்தைக் கூடுதலாக விடும். சந்தேகப்பட்ட இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து வெடுக்கென்று இழுங்கள். சரசரவென்று கிழிந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள், எவ்வளவு அழகான பூவானாலும். ஒரு மெலிந்த சதுரம் ஆறு மாதத்தில் கிழிந்தால் சுற்றியிருக்கும் நாலு மூட்டும் அதோடு போகும். பருத்தியா என்று சந்தேகமா? ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி மணியாக இறுகினால் பாலியஸ்டர், அதைச் சேர்க்க வேண்டாம். பருத்தியோடு தைத்தால் வழுக்கிக்கொண்டு கோணும், பிள்ளையின் ஈரத்தையும் உறிஞ்சாது.

புதுத்துணி கலப்பதானால் முதலில் இரண்டு தடவை துவைத்துக் காயவையுங்கள். பழையது சுருங்கி முடித்த துணி, புதியது இனிமேல்தான் சுருங்கும். இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே பழைய துண்டுகள் உப்பி நிற்கும். கஞ்சி போட்ட சேலையில் கஞ்சி முழுவதும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஊசி இறங்காது, பாச்சையும் தேடி வரும்.

சிவப்பு இறங்கிய கதைக்கு வருகிறேன். வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சேலையின் ஒரு மூலையையும் நனைத்து, வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் சாயம் இன்னும் நிற்கவில்லை. அந்தச் சேலையைத் தனியாக, அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை துவையுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் அது இந்தப் போர்வைக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். உப்பு இருக்கிறவரை சாயம் அடங்கி இருப்பதுபோல் தெரியும், அடுத்து வெறுந்தண்ணீர் பட்டதும் திரும்ப விடும். அதை நம்பி வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் சிவப்பை வைக்காதீர்கள்.

சதுரங்களை இழை ஓட்டத்துக்கு நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டியது இழுபடும். அட்டையில் 5 இஞ்சு அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் 80ம் ஒன்றுபோல் வரும். தைக்கும்போது விளிம்பில் அரை நூல் கூடிப்போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மூட்டில் இரண்டு துண்டும் அரை அரை நூல் இழக்கும். அகலத்தில் ஏழு மூட்டு, ஏழு நூல், கிட்டத்தட்ட ஒரு இஞ்சு குறைந்துவிடும். ஒரு வரிசை 36 இஞ்சும் அடுத்தது 35ம் வந்தால் எந்த இஸ்திரியாலும் நேராக்க முடியாது. வரிசையைத் தைத்ததும் முதல் வரிசையின் மூட்டு விளிம்புகளை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை இணைக்கும்போது மூட்டும் மூட்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், மூலைகள் தானாகப் பொருந்தும். மேலடுக்குக்கு மட்டும் தையல் மிஷின் போதுமானது. மற்றதைக் கையால் தைப்பதே நல்லது, தொட்டால் மெத்தென்று இருக்கும்.

அடுக்குவதற்குப் பெருக்கித் துடைத்த தரை வேண்டும். அடித்துணியைக் கவிழ்த்து விரித்து ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், விறைப்பாக இழுத்தால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்துணி தொளதொளக்கும். மேலே வேட்டி இரண்டும், அதன்மேல் சதுர வரிசையும். நடுவிலிருந்து வெளியே நீவிக்கொண்டே நாலு இஞ்சுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். ஊக்கில் சிக்கனம் பார்த்தால் அடியில் மடிப்பு விழும். முழுவதும் தைத்துத் திருப்பிய பிறகுதான் அது கண்ணில் படும்.

இனி ஓட்டுத்தையல். ஒன்றரை இஞ்சுக்கு ஒரு கோடு, இஞ்சுக்கு ஐந்து தையல், முதல் கோடு நடுவில். அங்கிருந்து இரண்டு பக்கமும் நகர்ந்தால் மிச்சத் துணி வெளியே போய்விடும். ஓரத்தில் தொடங்கினால் அது நடுவில் சேர்ந்து கொப்புளம்போல் நிற்கும். வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித்தான் தைக்கிறார்கள். அவர்கள் ஒட்டுத்துண்டை ஒவ்வொன்றாக வைத்து அப்போதைக்கப்போது தைத்துக்கொண்டே போவதால் மிச்சம் சேர வழியில்லை. முடிவில் நாலு மூலையிலும் மடித்த துணி முக்கோணம் வைப்பார்கள், அதற்குப் பெயர் பூ. அது இல்லாமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. உங்கள் போர்வைக்கும் பூ வைக்கலாம்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். நீண்ட நூல் சிக்கும், துணிக்குள் போய்வந்து பஞ்சாகித் தேயும். 45 இஞ்சு நீளத்தில் 23 கோடு என்றால் மொத்தம் 26 மீட்டர் தையல், சுமார் 70 தடவை ஊசியில் நூல் கோக்க வேண்டியிருக்கும். காலையிலேயே பத்து ஊசியில் கோத்து வைத்துக்கொள்வது கைக்கும் கண்ணுக்கும் நல்லது. தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டும் உலோகக் குல்லாவை நடுவிரலில் போட்டுக்கொள்ளுங்கள், நாலடுக்கைத் தள்ளும் ஊசி விரலைப் புண்ணாக்கிவிடும். முடிச்சை வெளியே விடாமல் சுண்டி இழுத்து அடுக்குக்குள் புகுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடித் தைப்பதானால் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார வேண்டாம். நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் இருவர் இருவராக உட்கார்ந்து வெளியே நகருங்கள். ஒருவர் தையல் பெரிதாகவும் ஒருவருடையது சிறிதாகவும் இருக்கும். அதைப் பிரிக்காதீர்கள், யார் யார் கை பட்டது என்று பிற்பாடு அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

விளிம்புப் பட்டிக்கு இரண்டரை இஞ்சு அகலத்தில், மூலை மடிப்புக்கும் சேர்த்து 174 இஞ்சு தேவை. ஒரு சேலையின் கரையிலேயே இது கிடைக்கும். கரை அழுத்தமாக நெய்தது, நன்றாக உழைக்கும். ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம், பிள்ளையின் தோலைக் கீறும். மணி, பட்டன், குஞ்சம் எதுவும் வைக்காதீர்கள், வாயில் போகும். பட்டிதான் முதலில் தேயும். கையால் தைத்திருந்தால் அதை மட்டும் பிரித்துப் புதிது வைக்கலாம்.

பழந்துணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறந்த பிள்ளையை முதலில் நாம் எதில் ஏந்துகிறோம்? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில். தூளியும் பழஞ்சேலைதான். ஆகையால் தயங்க வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். எது யாருடைய சேலை என்று சொல்லிக் கொடுங்கள். இறந்தவர்களின் துணி இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அதை ஆசீர்வாதமாக நினைப்பார்கள், சில வீடுகளில் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். இரண்டையும் மதிக்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். ஒரு வயது ஆகும்வரை பிள்ளை தூங்கும் இடத்தில் இதைப் போர்த்தவோ பக்கத்தில் போடவோ கூடாது. முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது. மூணாற்றுக் குளிருக்குக் கூடுதலாக ஒரு சட்டை போட்டுத் தூங்க வைக்கட்டும். விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் கிடத்த, மடியில் வைத்துக்கொள்ள, கைப்பார்வையில் சுற்றிக்கொள்ள இந்தப் போர்வை. அந்துருண்டை போட்டு வைக்கவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்துவிடும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் கரும்புள்ளி விழும், பழைய தலையணை உறை போதும்.

துவைக்கிற முறையை ஒரு சின்ன வெள்ளைத் துணியில் பின்தையலால் எழுதி அடிப்பக்க மூலையில் தைத்துவிடுங்கள்: தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும், கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்க வேண்டாம், இரண்டு கொடிமேல் பாலம்போல் விரிக்கவும். ஒரே கொடியில் தொங்கினால் நீர்ப்பாரம் நடுத்தையலை இழுத்துவிடும். அதற்குக் கீழே வருடத்தையும் உங்கள் பெயரையும் போடுங்கள். மிஞ்சின துண்டுகளில் ஐந்தாறு சதுரத்தைப் போர்வையோடு சேர்த்துக் கொடுங்கள், கிழிந்த இடத்தில் அதே சேலையே ஒட்டாகட்டும்.

உங்கள் பழைய போர்வையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி பறக்கும். கொசுவலைப் பைக்குள் போட்டு மூன்று நாள் நல்ல வெயில் காட்டிய பிறகு கட்டிகளைக் கையால் பிரியுங்கள். வாடை போகாததையும் பொடியானதையும் எறிந்துவிட்டு, மிஞ்சியதை நெருக்கமாக நெய்த காடாத் துணியில் தலையணையாக அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். மேலே கழற்றித் துவைக்க ஓர் உறை. கூடாகக் கிடக்கும் ஒட்டுத்துணியில் சிவப்பு ஏறிய வேட்டிச் சதுரங்களை மட்டும் மாற்றுங்கள். சுங்குடிச் சதுரத்தையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். உள்ளே இரண்டடுக்கு வேட்டி வைத்து ஊக்கு குத்தினால், மூணாற்றுக்குப் போக வேண்டிய இரண்டில் ஒன்று ஓட்டுத்தையலுக்குத் தயார்.

அன்புடன்,
அக்கா