துணி காயப்போடும் இடம்

அன்புள்ள ஐயா,

மே மாதம் அம்மாவுடன் கிரேக்கத்தின் சாந்தோரினி தீவுக்குச் சென்று இயா ஊரில் இரண்டு நாள் தங்கினேன். படங்களில் கண்ட அழகு இருந்தது; ஆனால் அம்மக்களுக்கென்று தனிக் குணமோ வாழ்க்கையோ இருப்பதாகத் தெரியவில்லை, எல்லாமே வியாபாரம். "இங்க இருக்கிறவங்க துணியை எங்கடா காயப்போடுவாங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த முறை அருகிலுள்ள கிரேக்கத் தீவுகளில் நக்சோஸ் போகலாமா, பாரோஸ் போகலாமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் சிறந்த வரி அம்மாவுடையது. சில நாட்களாக நானும் அதையே எண்ணிக்கொண்டிருந்ததால் எழுதுகிறேன்.

ஏறத்தாழ 15,000 பேர் வாழும் தீவுக்கு ஆண்டுதோறும் 30 லட்சம் பேருக்கு மேல் வந்தால் வியாபாரம் நடக்கத்தான் செய்யும். அது கிடக்கட்டும். இரண்டு மாலைகள் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, ஒரு மக்களுக்குக் குணமே இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் படுத்துறங்கியதைப் போன்ற குகை அறைகள், கப்பல் தலைவர்கள் மேட்டில் மாளிகை கட்டிக்கொண்ட காலத்தில், அவர்களின் மாலுமிகள் எரிமலைச் சாம்பல் படிவைக் குடைந்து குடும்பத்தோடு வாழ்ந்த வீடுகள். 1956 ஜூலை 9 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் வீடிழந்த பலர் ஏதென்சுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற குகைகள் பின்னர் விடுதிகளாயின. இன்று அங்கே மாற்றலாகி வரும் ஆசிரியர்கள்கூட வாடகை வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். குடியிருப்பவர் இல்லாத தெருவில் துணிக்கொடி எப்படி இருக்கும்?

அத்தீவின் குணத்தை அறியத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஆறு கிடையாது, மழையும் சொற்பம். கூரையில் விழும் மழையை வீட்டுக்கடியிலுள்ள தொட்டியில் இறக்கி, அதை வைத்தே கோடையைக் கடந்தார்கள். நீங்கள் படமெடுத்த வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலைத் தணிக்கும். தொட்டிக்குள் இறங்கும் நீரையும் தூய்மையாக வைக்கும். திராட்சைக் கொடியைக்கூட அவர்கள் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையோடு கூடைபோல் வளைத்துப் பின்னி, பழத்தைக் காற்றுக்கு மறைத்து, இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தைக் குடிக்க வைக்கிறார்கள்.

ஓர் அக்டோபரில் தீவின் தெற்கே எம்போரியோ ஊரில் ஒரு முதியவளின் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டுச் சட்டையை அலசிக்கொண்டிருந்தபோது அவள் விரைந்து வந்து குழாயை மூடினாள். கடல்நீரின் உப்பை நீக்கிக் குழாயில் விடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், தொட்டித் தண்ணீரில் வளர்ந்த கை அது. என்னைக் கடிந்துகொண்டே சட்டையை வாங்கி, ஒரு வாளி நீரில் தானே அலசி, அந்த நீரை வாசலில் பூந்தொட்டியில் நின்ற துளசியினச் செடிக்கு ஊற்றினாள். எங்கள் வீட்டு முற்றத்தில் என் அம்மா ஊற்றுவதும் அப்படித்தான்.

நக்சோஸோ பாரோஸோ, கூட்டம் வடிந்த அக்டோபரில் உள்ளூர்க்காரர் வீட்டில் பத்து நாளாவது தங்குங்கள். அம்மா இல்லாமல் போகாதீர்கள். எம்போரியோவில் அந்த வீட்டின் பின்சுவருக்கும் ஓர் அத்திமரத்துக்கும் இடையே கட்டிய கயிற்றில்தான் என் சட்டை காய்ந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.