மிட்ரேஞ்ச் டெக்கை எப்படி அமைப்பது? ஏன் எல்லா டெக்கிடமும் தோற்கிறேன்?

நீங்கள் கேட்டது இது: மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் கறுப்பு-சிவப்பு மிட்ரேஞ்ச் டெக் (வேகத்துக்கும் நிதானத்துக்கும் நடுவில் நிற்கும் சீட்டுக்கட்டு) ஒன்றைக் கட்டி மூன்று மாதமாக ஆடுகிறீர்கள். எல்லாமே நல்ல சீட்டுகள். ஆனாலும் வேகமாக அடிக்கும் ஆக்ரோ டெக்கிடம் அடி வாங்கிச் சீக்கிரம் தோற்கிறீர்கள், தடுத்துத் தாங்கி மெதுவாக ஜெயிக்கும் கண்ட்ரோல் டெக்கிடம் இழுத்தடித்துத் தோற்கிறீர்கள். டெக்கில் குறையா, ஆடும் விதத்தில் குறையா?

நான் பல வருடமாக இந்த வகை டெக்கைத்தான் ஆடுகிறேன். சேலத்தில் நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு மதியம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடி அறையில் கூடுவோம். வெயில் காலத்தில் ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் போய்விடுவோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் ஆடும் விதத்தில்தான் குறை இருக்கும். ஆனால் டெக்கையும் முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் ஒரு தப்பு எல்லோரும் செய்வது: லேண்டை, அதாவது மற்ற சீட்டுகளை ஆடத் தேவையான மேனா என்ற சக்தியைத் தரும் சீட்டை, குறைப்பது.

60 சீட்டு டெக்கில் 25 லேண்ட் வையுங்கள். முதலில் ஆடுபவர் நாலாவது டர்ன் வரும்போது 10 சீட்டு பார்த்திருப்பார். 25 லேண்ட் இருந்தால் அதில் சராசரியாக 4 லேண்ட் கிடைக்கும். 20 தான் வைத்திருந்தால் 3 தான் கிடைக்கும், நாலு மேனா சீட்டு கையிலேயே கிடக்கும். ஆக்ரோ ஆடுபவர் 20 வைத்துச் சமாளிப்பார், அவருடைய சீட்டெல்லாம் ஒன்று, இரண்டு மேனா. நமக்கு அது சரிப்படாது. என் டெக் இப்போது இப்படி இருக்கிறது: 25 லேண்ட், ஒரு மேனா சீட்டு 8, இரண்டு மேனா 6, மூன்று மேனா 12, நாலு மேனா 6, ஐந்து மேனா 3. மூன்றாவது வண்ணம் சேர்க்கலாமா என்று ஆசை வரும். வேண்டாம், இரண்டு வண்ணமே போதும்.

சீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது "இது பலமான சீட்டா?" என்று நான் கேட்பதில்லை. "எதிராளி யாராக இருந்தாலும் இதற்கு ஒரு வேலை இருக்கிறதா?" என்றுதான் கேட்பேன். போன்க்ரஷர் ஜெயன்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேனாவுக்கு அதன் ஸ்டாம்ப் பகுதியை ஆடினால் 2 டேமேஜ், ஒரு சின்ன க்ரீச்சர் (சண்டை போடும் உயிரினச் சீட்டு) காலி. சீட்டு அதோடு தீர்ந்துவிடாது. அப்புறம் மூன்று மேனா கொடுத்து அதையே 4/3 க்ரீச்சராக (அடிக்கும் பலம் 4, தாங்கும் பலம் 3) இறக்கலாம். எதிராளி அதை ஸ்பெல் (மந்திரச் சீட்டு) போட்டுக் கொல்ல வந்தால் அவருக்கே 2 டேமேஜ் விழும். சீட்டுக்குச் சீட்டு மாற்றிக்கொண்டே போவதுதான் மிட்ரேஞ்சின் பிழைப்பு. அவர் ஒன்றை இறக்குவார், நாம் ஒன்றால் அதை எடுப்போம். அப்படிப் போகும்போது ஒரே சீட்டு இரண்டு சீட்டின் வேலையைச் செய்தால் கடைசியில் மேசையில் மிஞ்சுவது நம்முடையதாக இருக்கும். இந்த ஜெயன்டை நான் நாலு வைத்திருக்கிறேன், ஒன்றுகூடக் குறைக்க மாட்டேன்.

இனி ஆடும் விதம். 1999-லேயே மேஜிக் பற்றி எழுதும் மைக் ஃப்ளோரஸ் ஒரு கட்டுரையில் இதைக் கேட்டுவிட்டார்: இந்த ஆட்டத்தில் அடிக்க வேண்டியவர் யார், தாங்க வேண்டியவர் யார்? ஆக்ரோ ஆடுபவருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது, அவர் அடிப்பவர். கண்ட்ரோல் ஆடுபவர் தாங்குபவர். மிட்ரேஞ்ச் ஆடுபவர் ஆளுக்கு ஆள், சில சமயம் டர்னுக்கு டர்ன், இதைப் புதிதாக முடிவு செய்ய வேண்டும். நீங்கள் இரண்டு பக்கமும் தோற்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வேகமான ஆளை அடிக்கப் போகிறீர்கள், மெதுவான ஆளிடம் அவசரப்பட்டு எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நண்பனுடையது சிவப்பு ஆக்ரோ. அவன் மேசையில் இரண்டு கோப்ளின் கைடு, தலா 2/2. கூடவே ஒரு மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், 1/2. எனக்கு 8 உயிர், மேசையில் ஜெயன்ட் மட்டும், கையில் வெறும் லேண்ட். அவன் 14-இல் இருந்தான், அடித்தால் 10 ஆகிவிடுமே என்று ஜெயன்டை அனுப்பினேன். அடிக்கப் போன க்ரீச்சர் டேப் ஆகிவிடும், அடுத்து அவன் வரும்போது தடுக்க முடியாது. அவன் மூன்றையும் அனுப்பினான்: 2, 2, 1. பிறகு லைட்னிங் போல்ட், என் மேல் 3. அந்த ஸ்பெல்லால் ஸ்விஃப்ட்ஸ்பியருக்கு 1 கூடிற்று. மொத்தம் 9. ஆட்டம் முடிந்தது.

ஜெயன்டை வீட்டிலேயே நிறுத்தியிருந்தால்? ஒரு கோப்ளினைத் தடுத்துக் கொன்றிருக்கும். அவனிடம் அதே போல்ட் இருந்தாலும் எனக்கு 7 தான், 1 உயிரோடு நின்றிருப்பேன், அவனுக்குக் கையில் ஒன்று குறைந்திருக்கும், மேசையிலும் ஒன்று குறைந்திருக்கும். ஆக்ரோவுக்கு எதிரே நீங்கள் கண்ட்ரோல் டெக். உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஆறாவது டர்னைத் தொட்டால் போதும், அவனுடைய சின்னச் சீட்டுகள் உங்கள் பெரிய சீட்டுகள் முன்னால் நிற்காது.

கண்ட்ரோலிடம் இது தலைகீழ். என் தங்கை நீல-வெள்ளை கண்ட்ரோல் ஆடுவாள். போன மே மாதம் ஏற்காட்டில், மழை பிடித்துக்கொண்டு கரண்டும் போய்விட்ட ஒரு சாயங்காலம். (பளபளக்கும் ஃபாயில் சீட்டுகள் அந்த ஈரத்தில் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிடும். ஸ்லீவுக்குள் இருந்தாலும் டெக்கில் அது தனியாகத் தெரியும், மலைக்குப் போகும்போது சாதா சீட்டாக மாற்றிவிடுங்கள்.) முதல் ஆட்டத்தில் என் மேசையில் இரண்டு பிளட்டைத் ஹார்வெஸ்டர், தலா 3/2. "இன்னொண்ணு இறக்குண்ணா, பார்க்கலாம்" என்றாள். ஜெயன்டையும் இறக்கினேன். அடுத்த டர்ன் நாலு மேனாவுக்கு டே ஆஃப் ஜட்ஜ்மென்ட், மேசையில் இருந்த க்ரீச்சரெல்லாம் காலி. அவளுடைய ஒரு சீட்டுக்கு என்னுடைய மூன்று போயிற்று.

இரண்டாவது ஆட்டத்திலும் அதே நிலை வந்தது. இரண்டு ஹார்வெஸ்டர், அவளுக்கு 18 உயிர். இந்தத் தடவை கணக்குப் பார்த்தேன். இரண்டும் அடித்தால் டர்னுக்கு 6, மூன்று தடவையில் 18 தீரும். ஜெயன்டை இறக்கினால் அது வந்த டர்னில் அடிக்க முடியாது: முதலில் 6, அடுத்து 10, மிச்சம் 2. அப்போதும் மூன்று தடவைதான்! ஒரு டர்ன்கூட மிச்சமாகாத இடத்தில் எதற்கு இன்னொரு சீட்டைப் பணயம் வைப்பது? கையிலேயே வைத்துக்கொண்டேன். 6 அடித்தேன், 12 ஆயிற்று. அவள் டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் போட்டாள், இரண்டு போயிற்று. உடனே ஜெயன்ட் இறங்கியது. அடுத்த டர்ன் அது 4 அடித்தது, 8 ஆயிற்று, பின்னாலேயே ஷியோல்ட்ரெட் என்ற 4/5 க்ரீச்சர் வந்தது. அது மேசையில் இருக்கும்போது எதிராளி எடுக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் 2 உயிர் போகும். டர்ன் சீட்டை எடுத்ததும் அவள் 6-க்கு வந்தாள். கையில் இரண்டு சீட்டு எடுக்கும் ஸ்பெல் இருந்திருக்கிறது, போட்டால் இன்னும் 4 போகும், போடவில்லை. அடுத்த டர்ன் ஜெயன்டும் ஷியோல்ட்ரெட்டும் சேர்ந்து 8 அடித்தன.

ஷியோல்ட்ரெட் விலை அதிகம். நாங்கள் வீட்டில் ஆடும்போது ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பழைய லேண்ட் சீட்டின் மேல் வைத்து ஸ்லீவில் செருகிக்கொள்கிறோம். அதிகாரபூர்வப் போட்டிகளில் இது செல்லாது. ஆனால் ஒரு சீட்டு உங்களுக்குச் சரிவருமா என்று வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

சைட்போர்டு (ஆட்டங்களுக்கு நடுவே டெக்கில் மாற்றிக்கொள்ளத் தனியாக வைக்கும் சீட்டுகள்) 15 சீட்டையும், அடிப்பவர் யார், தாங்குபவர் யார் என்ற இதே கேள்வியை வைத்து நிரப்புங்கள். ஆக்ரோ என்று தெரிந்தால் தாட்சீஸ் நாலையும் வெளியே எடுங்கள். அவர் கையிலிருந்து ஒரு சீட்டைப் பிடுங்க நாமே 2 உயிர் கொடுக்கிறோம், அவருக்கு எதிரே அது நஷ்டம். மேனா குறைவான ரிமூவலை (க்ரீச்சரைக் கொல்லும் சீட்டுகளை) உள்ளே கொண்டுவாருங்கள். கண்ட்ரோல் என்றால் தாட்சீஸ் இருக்கட்டும், க்ரீச்சரைக் கொல்லும் ஃபேட்டல் புஷ்ஷை எடுத்துவிட்டு, எதிராளி கையிலிருந்து க்ரீச்சரும் லேண்டும் அல்லாத ஒரு சீட்டைப் பிடுங்கும் டியூரஸ் வையுங்கள். கொல்ல க்ரீச்சரே இல்லாத ஆளுக்கு எதிரே ஃபேட்டல் புஷ் கையில் இருந்தால், ஒரு சீட்டு குறைவாக ஆடுகிறீர்கள் என்றுதான் கணக்கு.