மாதம் நாலாயிரம் ரூபாய் யாருக்கு, எப்படி? குழந்தைகள் நல நிதி பற்றிக் கேள்வி பதில்

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தேன். வீடு வீடாகப் போய் விசாரணை அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் அரசு ஒதுக்கும் பணம் பற்றி இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா: கணவர் போன வருடம் தவறிவிட்டார். பத்து வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன். நூறு நாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறேன். "ரெண்டு பேரையும் ஹோமில் விட்டுடு, சாப்பாடாவது கிடைக்கும்" என்கிறார் அண்ணன். விடலாமா மேடம்?

விடாதீர்கள் அம்மா. முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது நிதி ஆதரவு உதவியை. பலரும் ஸ்பான்சர்ஷிப் என்றே சொல்வார்கள். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 ஆக இருந்தது, 2022 வழிகாட்டுதலில் உயர்த்தினார்கள். கணவரை இழந்தவர், விவாகரத்து ஆனவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தகுதி உண்டு. பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் இருந்தாலோ, இருவரும் இல்லாமல் தாத்தா பாட்டி, மாமா வீட்டில் வளர்ந்தாலோ கிடைக்கும்.

குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பு எனக்கு ஏற்பில்லை. மாதக் கணக்கில் பார்த்தால் கிராமத்துக்கு 6,000 ரூபாய். ஒரு நாள் கூலி 300 என்று வைத்து 22 நாள் வேலை கிடைத்தாலே 6,600 ஆகிவிடுகிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு 6,600 ரூபாயில் வாழ்கிற பெண் வசதியானவளா? இந்தக் கணக்கை மாற்றச் சொல்லித் தொடர்ந்து கேட்டே ஆக வேண்டும். உங்களுக்குக் கரும்பு வெட்டு ஆண்டு முழுக்கக் கிடைக்காது. வேலை இல்லாத மாதங்களையும் சேர்த்து நிஜமான வருமானத்தைச் சொல்லிச் சான்று வாங்குங்கள்.

அண்ணன் சொல்வது பாசத்தில்தான், புரிகிறது. ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. பணக் கணக்கும் அப்படியே. இல்லத்தில் ஒரு குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் கட்டடம், சமையலர், காப்பாளர் சம்பளம் என்று தனிச் செலவு. அதே குழந்தை அம்மாவோடு இருக்க 4,000 போதும். இல்லத்தில் விட்டுப்போன அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே பையனின் சட்டைக் காலரைத் திருப்பி அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு இப்படி ஒரு உதவி இருக்கிறது என்றே யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனி மனு எழுதுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர், பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக: மகள் இறந்துவிட்டார். மருமகன் எங்கேயோ போய் ஐந்து வருடம் ஆகிறது. பேத்தியைப் பாட்டிதான் வளர்க்கிறார். நிதி ஆதரவு உதவி கேட்டுப் போனால், "அப்பா உயிரோடு இருக்கிறாரே, இறப்புச் சான்று எங்கே" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

என்னைக் கோபப்படுத்துகிற கேள்வி இது. உங்கள் மேல் இல்லை, அந்தப் பதில் மேல். ஓடிப்போன அப்பாவுக்கு இறப்புச் சான்று எங்கிருந்து வரும்? பெற்றோர் இருவரும் இறந்திருக்க வேண்டும் என்று திட்டத்தில் எங்குமே இல்லை. பார்த்துக்கொள்ள முடியாத, பார்த்துக்கொள்ளாத பெற்றோரின் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாட்டி வந்தார். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று. அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர். ரேஷன் கார்டு நகல் மட்டும் எட்டு இருந்தது. போன இடத்தில் எல்லாம் நகல் கேட்டிருக்கிறார்கள், அதனால் எட்டு எடுத்து வைத்திருந்தார். மகளின் இறப்புச் சான்று கடைசியில், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து கிடந்தது. அந்தப் பையோடு ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்திருக்கிறார். குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. நான் போனபோது அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் எழுதி முடித்த நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரியை அறிக்கையில் அப்படியே எழுதினேன். ஒப்புதல் வந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இது. மகளின் இறப்புச் சான்று, பேத்தியின் ஆதார், பள்ளியில் படிக்கிறாள் என்ற சான்று, ரேஷன் கார்டு, வருமானச் சான்று. அப்பா விட்டுப்போனதை மனுவிலேயே விவரமாக எழுதி, தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடுங்கள். வாங்க மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டு விசாரணை நடத்தி அறிக்கை எழுதுவது அலகின் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் மாவட்ட ஒப்புதல் குழு முடிவெடுக்க வேண்டும். வாசலிலேயே முடிவு சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

கணவர் விட்டுப்போய்த் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வருவாய்த் துறையில் வாங்கலாம். அது கையில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

மதுரையிலிருந்து ஒரு அக்கா: தங்கை மகனுக்கு எட்டு மாதம் நிதி ஆதரவுப் பணம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை.

மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலில் வங்கிக் கணக்கு. கேஒய்சி (வங்கி கேட்கும் அடையாள விவரம்) புதுப்பிக்காமல் முடங்கியிருக்கலாம். ஒரு முறை பணம் போய்த் திரும்பிவிட்டால் அடுத்தடுத்த மாதமும் திரும்பும். பாஸ்புக்கில் வரவைப் பதிந்து வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளை 30 நாளுக்கு மேல் ஒழுங்காகப் போகவில்லை என்றால் உதவியை நிறுத்தி வைக்கலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு இதில் விலக்கு உண்டு. பையன் காய்ச்சலில் படுத்திருந்தால் மருத்துவர் சீட்டைக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவது, உங்கள் கையில் இல்லாதது. இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. மத்தியப் பங்கு மொத்தமாக வருவதில்லை, தவணை தவணையாகத்தான் வரும். முந்தைய தவணையில் முக்கால் பங்கைச் செலவழித்துக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. ஒரு மூலையில் கணக்கு தாமதமானால் மற்ற எல்லாப் பிள்ளைகளின் பணமும் நிற்கும். குழந்தைக்குப் பசி மாதாமாதம் வரும்போது பணம் மட்டும் கணக்கு முடிந்த பிறகு வருவது என்ன நியாயம் என்று நான் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். மாநில அரசு தன் நிதியிலிருந்து முன்பணம் வைத்து மாதாமாதம் கொடுத்துவிட்டு, பிறகு மத்தியப் பங்கை ஈடுகட்டிக்கொள்ளலாம். இது என் கருத்து, இன்னும் நடக்கவில்லை.

காரணம் எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: அன்புக் கரங்கள், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்... எது எதற்கு என்றே குழம்புகிறது.

சுருக்கமாக. அன்புக் கரங்கள் மாநில அரசின் திட்டம், 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) இரண்டும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வேறு கல்வி உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் தொகை கிடைக்கும். எந்த மனுவிலும் ஏற்கெனவே வாங்கும் உதவியை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் குழந்தைக்குத்தான் கஷ்டம்.

பெயர், ஊர் வேண்டாம் என்ற ஒரு தம்பி: நான் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். அடுத்த மாதம் 18 முடிகிறது. "வேற இடம் பார்த்துக்கோ" என்றார்கள். எங்கே பார்ப்பது அக்கா?

தம்பி, இந்தப் பதிலை மெதுவாகப் படியுங்கள். 18 முடிந்த மறுநாள் உங்களை வெறுங்கையோடு வெளியே விட முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, இல்லத்தை விட்டுப் போகும் இளையோர் சமூகத்தில் காலூன்ற நிதியுதவி தர இடம் தருகிறது. பிற்காப்பு என்று பெயர். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மிஷன் வாத்சல்யாவில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு.

ஆனால் தானாக வராது. உங்கள் பெயரில் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு கோப்பு இல்லத்தில் இருக்கும். படிப்பா, தொழிற்பயிற்சியா, தங்க எங்கே என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். 18 முடிவதற்கு முன்பே, இந்த வாரமே, குழந்தை நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழு) முன் போய்ப் பிற்காப்பு வேண்டும் என்று கையெழுத்திட்ட மனு கொடுங்கள். குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். பயப்பட வேண்டாம், அவர்கள் வேலையே உங்களைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்பதுதான். ஆதார், மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றின் மூலப் பிரதியும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அவற்றை இல்லத்திலேயே விட்டுவிட்டு வந்து, கல்லூரியில் சேர முடியாமல் நின்ற பையன்களை எனக்குத் தெரியும். மனு கொடுத்ததும் என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து ஒரு அங்கன்வாடிப் பணியாளர்: சாப்பாடு சரியில்லை என்று தாய்மார்கள் எங்களிடம்தான் சண்டை போடுகிறார்கள். எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

சொல்கிறேன் அம்மா. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் விலைக் கணக்கு 8 ரூபாய். கடுமையான ஊட்டக்குறைவு உள்ள குழந்தைக்கு 12. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. இது 2017-இல் வந்த கணக்கு. ஒரு முட்டை வாங்கினாலே அந்த எட்டு ரூபாயில் பாதிக்கு மேல் போய்விடும். மீதியில் பருப்பு, எண்ணெய், காய். அதையும் மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதியாகப் போட வேண்டும். மத்திய அரசு உங்களுக்குத் தரும் மதிப்பூதியக் கணக்கும் 2018 அக்டோபரில் வைத்த 4,500 ரூபாய்தான். உதவியாளருக்கு 2,250.

இந்த ஊர் மத்தியப் பணத்துக்குக் காத்திருந்து சோறு போட்ட ஊர் இல்லை. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது கிராமங்களில் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்தே சேர்த்தார். நாடு தழுவிய மதிய உணவுத் திட்டம் வந்தது 1995-இல். தாய்மார்கள் உங்களிடம் சண்டை போடுவதற்குப் பதிலாக, இந்த எட்டு ரூபாயைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம். சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்: ஒரு குழந்தை, ஒரு நாள், 8 ரூபாய். படித்துப் பார்க்கட்டும்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மொத்த பட்ஜெட்டில் குழந்தைகளுக்கு எவ்வளவு?

மத்திய பட்ஜெட்டோடு வரும் அறிக்கை எண் 12-ஐப் பாருங்கள். குழந்தைகளுக்கான ஒதுக்கீடு எல்லாவற்றையும் அதில் திரட்டியிருப்பார்கள். 2025-26-இல் அது சுமார் 1.16 லட்சம் கோடி ரூபாய், மொத்தத்தில் இரண்டே கால் சதவீதத்துக்குச் சற்று மேல். அரசே வெளியிட்ட குழந்தைகளுக்கான தேசியச் செயல்திட்டம் 2016 குறைந்தது 5 சதவீதம் என்றது. பாதிகூடப் போகவில்லை. அந்த ஆண்டு மிஷன் வாத்சல்யாவுக்கு மட்டும் 1,500 கோடி, நாடு முழுமைக்கும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகிறதே, அதை வைத்து வகுத்துப் பாருங்கள். எல்லாப் பணத்தையும் இந்த உதவிக்கே கொடுத்தாலும் எத்தனை குழந்தைகளுக்கு வரும் என்று தெரியும். இல்லங்கள், ஊழியர்கள், 1098 குழந்தைகள் உதவி எண் எல்லாம் அதே பணத்தில்தான்.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: 2025-இல் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பமே திறக்காமல் இழுத்தார்களே, ஏன்?

பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு பங்கு தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பணம் நின்றதால். 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று மத்திய அரசு விடுவிக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கை அந்த ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பல பெற்றோர் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிவிட்டார்கள். கொள்கைச் சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும் இடையில் நடக்கலாம். எல்கேஜி பிள்ளையின் இடத்தைப் பிடித்துவைத்து நடக்கக் கூடாது.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பக்கத்துப் பட்டறையில் சின்னப் பையன் வேலை செய்கிறான். சொன்னால் என் பெயர் வெளியே வருமா?

1098-க்கு இப்போதே கூப்பிடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. பெயர் சொல்லாமலும் பேசலாம். பட்டறை இருக்கும் தெரு, பையன் வந்துபோகும் நேரம், ஒரு அடையாளம், இவ்வளவு போதும். மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் தவிர. மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளியும் நான் முதலில் சொன்ன 4,000 ரூபாய்க்குத் தகுதியானவன்தான். புகார் சொல்லும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

திருவண்ணாமலை அம்மா மறுபடியும்: படித்தேன் மேடம். அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். ஆபீஸ் எங்கே இருக்கும்? யாரைப் பார்க்க வேண்டும்?

ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேளுங்கள், வழி சொல்வார்கள். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பெயருக்கு மனு எழுதுங்கள். கணவரின் இறப்புச் சான்று மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் மட்டும். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூட ஒருவர் இருந்தால் தெம்பாக இருக்கும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம் இருக்கும், ஒன்பதரைக்கெல்லாம் போய்விடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும், அவர்களை அழைத்துப்போக வேண்டியதில்லை.