க்ளிக்கை எண்ணும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, நான் இன்சுலின் போட்டுக்கொள்கிறவன், பார்வையில்லாதவன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அவைதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. எத்தனை யூனிட் போட வேண்டும் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். அந்த யூனிட்டைக் கண் இல்லாமல் எப்படிப் பிசகாமல் போடுவது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் அனுபவம்.

கேள்வி: சர்க்கரையால் விழித்திரை கெட்டு ஏழு மாதமாகச் சுத்தமாகப் பார்வை இல்லை. தினம் நான்கு ஊசி, நான்கையும் மனைவிதான் போடுகிறாள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் மதிய ஊசி தள்ளிப்போகிறது. நானே போட்டுக்கொள்ளலாமா? இன்சுலின் பேனாவோடு வந்த தாளில், பார்வையில்லாதவர்கள் பிறர் உதவியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று இருப்பதாக மகன் படித்துச் சொன்னான்.

பதில்: தாளில் அப்படித்தான் இருக்கும். பேனாவின் பின்னால் இருக்கும் திருகைச் சுற்றும்போது வரும் க்ளிக் சத்தத்தை எண்ணி டோஸ் வைக்காதே, அதில் தெரியும் எண்ணைப் பார்த்து வை என்றும் பல தாள்களில் இருக்கும். அதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் எண்ணிக்கை தவறினால் நமக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ஆனால் எனக்குப் பழக்கமான பார்வையற்ற இன்சுலின்காரர்கள் அத்தனை பேரும் க்ளிக்கை எண்ணித்தான் போடுகிறார்கள், நானும்தான். அதனால் நான் சொல்வது இது: தாளை மீறித் திருட்டுத்தனமாக ஆரம்பிக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு நர்ஸ் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் திருகுங்கள், அவர் எண்ணைப் பார்க்கட்டும். வீட்டில் மனைவியும் அப்படியே பார்க்கட்டும். நான் வைத்துக்கொண்ட கணக்கு, தொடர்ந்து 20 தடவை ஒரு யூனிட்கூடப் பிசகாமல் வந்தால்தான் தனியாகப் போடுவது என்று. பதினேழாவது தடவையில் ஒருமுறை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

பெரும்பாலான பேனாக்களில் ஒரு க்ளிக் ஒரு யூனிட். ஆனால் அரை யூனிட்டுக்கு ஒரு க்ளிக் வருகிற பேனாவும் உண்டு, அதனால் உங்களுடையது எது என்று தெரியாமல் தொடவே தொடாதீர்கள். முதலில் திருகைப் பின்பக்கமாகச் சுற்றி, இதற்கு மேல் போகாது என்று முட்டி நிற்கும் வரை கொண்டுவாருங்கள். அது பூஜ்யம். அங்கிருந்து மெதுவாக, ஒவ்வொரு க்ளிக்கும் காதிலும் விரலிலும் சேர்ந்து கேட்கும்படி முன்னால் திருகுங்கள். பெரிய டோஸ் என்றால் ஐந்தைந்தாக எண்ணுவது எனக்குச் சௌகரியம். டிவியை அணைத்துவிடுங்கள். ஒருமுறை பதினான்கிலோ பதினைந்திலோ இருக்கும்போது அடுத்த அறையிலிருந்து “மணி என்ன?” என்று கேட்டார்கள், மணியையும் சொல்லிவிட்டேன், அப்புறம் நான் நிற்பது பதினான்கா பதினைந்தா என்று தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் குத்துமதிப்பாகப் போகவே கூடாது. திரும்பப் பூஜ்யத்துக்கு வந்து, முதலிலிருந்து.

டோஸ் வைப்பதற்கு முன்னால் 2 யூனிட் வெளியே விட்டுப் பார்க்கச் சொல்வார்களே, கண் உள்ளவர்கள் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள், நாம் தாண்டவே கூடாது. ஊசி மேல்நோக்கி இருக்கட்டும், புறங்கையை ஊசி நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதில் படாமல் வைத்து அழுத்துங்கள். சில்லென்று ஈரம் படும். மூக்கருகே கொண்டுபோனால் ஆஸ்பத்திரி வாசனை ஒன்று வரும், இன்சுலினில் கெடாமல் இருக்கச் சேர்க்கிற பொருளின் வாசனை அது, பழகிவிட்டால் மறக்காது. ஈரமும் இல்லை வாசனையும் இல்லை என்றால் ஊசி அடைத்திருக்கலாம், பேனாவுக்குள் இருக்கும் இன்சுலின் குப்பி, அதாவது காட்ரிட்ஜ், தீர்ந்திருக்கலாம். அந்த நிலையில் உடம்பில் குத்தினால் குத்திய வலி மட்டும்தான் மிச்சம். குத்தி முழுக்க அழுத்தியபின் பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் கடைசித் துளிகள் தோலில்தான் வழியும்.

காட்ரிட்ஜில் மீதி எவ்வளவு என்பதுதான் பலரைக் கவிழ்க்கும். 3 மில்லி காட்ரிட்ஜில் 300 யூனிட். மாற்றிய தேதியை போனில் சொல்லிப் பதிந்துகொண்டு, வெளியே விட்டுப் பார்க்கும் 2 யூனிட்டையும் சேர்த்துத் தினமும் கழித்துக்கொண்டே வருகிறேன். மீதி 30க்குக் கீழே வந்தால் புதிதை மாட்டிவிடுவேன். சில பேனாக்கள் மீதி இருப்பதற்கு மேல் திருக விடாது, சில விடும். அதையும் நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.

போடும் இடத்துக்கு நான் கடிகாரக் கணக்கு வைத்திருக்கிறேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இன்று 12 மணி இடம், நாளை 1 மணி இடம் என்று சுற்றி வருவேன். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வந்துவிட்டால், அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்கும். இந்தக் கட்டியைக் கண்ணால் பார்ப்பதைவிடத் தடவித்தான் நன்றாகக் கண்டுபிடிக்க முடியும், அந்த வகையில் நம் கை அவர்கள் கண்ணுக்கு மேல்.

கேள்வி: சாப்பாட்டுக்கு முன் போடுவது ஒன்று, ராத்திரி போடுவது ஒன்று. இரண்டு பேனாவும் கைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. ஒருநாள் மாற்றிப் போட்டுவிட்டேன்.

பதில்: எத்தனை யூனிட் என்று எழுதவில்லை, ஆனால் ராத்திரி டோஸ் அளவுக்கு, சாப்பாட்டுக்கு முன் போடுகிற வேகமான இன்சுலின் உள்ளே போவது ஆபத்து, மறுபடி நடந்தால் உடனே டாக்டருக்கு போன் போட்டுவிட்டு, சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, தனியாக இல்லாமல் இருங்கள். முடிந்தால் இரண்டுக்கும் வேறு வேறு மாடல் பேனா கேளுங்கள். முடியாவிட்டால் ஒன்றில் மட்டும் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றுங்கள், மூடியில் இல்லை, பேனாவின் உடம்பில். மூடி மாறிப்போகும். நான் இரண்டையும் ஒரே அறையில் வைப்பதுகூட இல்லை, ராத்திரிப் பேனா கட்டில் பக்கத்து இழுப்பறையை விட்டு நகராது.

கலங்கலாக இருக்கும் வகை இன்சுலின் என்றால் இன்னொரு விஷயம். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை மேலும் கீழும் கவிழ்த்தால்தான் சீராகக் கலக்கும். பல காட்ரிட்ஜுகளில் உள்ளே ஒரு குட்டிக் குண்டு இருக்கும், அது நகர்வது கைக்கும் காதுக்கும் தெரியும். ஆனால் கலந்துவிட்டதா, கட்டி தட்டியிருக்கிறதா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. புதுக் காட்ரிட்ஜைத் திறக்கும் அன்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், வீடியோ காலில் காட்டினாலும் போதும்.

கேள்வி: பேசும் குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அது பேசுகிறது, நான்தான் அதற்கு ரத்தம் கொடுக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பில் மூன்றை வீணாக்குகிறேன்.

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எனக்கு முதல் மாதம் ஐந்து. வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். இது சுத்தத்துக்காக மட்டும் இல்லை, விரலில் ஒட்டிய பழச்சாறு ஒரு துளி போதும், மீட்டர் 300 என்று அலறும், அதை நம்பி ஊசி போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கையைக் கீழே தொங்கவிட்டு அரை நிமிடம் உதறுங்கள். குத்த வேண்டியது விரல் நுனியின் நடுவில் இல்லை, பக்கவாட்டில். நடுவில் குத்தினால் வலிக்கும், பிரெய்ல் படிப்பதும் கெடும். குத்தியபின் விரலின் அடியிலிருந்து நுனி வரை மெதுவாக நீவுங்கள். துளி வந்ததா என்று இன்னொரு விரலால் தொட்டுப் பார்த்தால் துளி கலைந்து போய்விடும், அங்கேதான் உங்கள் ஸ்ட்ரிப் போகிறது. மீட்டரை மேஜையில் அசையாமல் வையுங்கள், குத்தாத கையின் ஆள்காட்டி விரலால் ஸ்ட்ரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குத்திய விரலை அந்த ஓரத்தின் வழியாகவே வழுக்கி நுனிக்குக் கொண்டுவாருங்கள். ஸ்ட்ரிப் தானே உறிஞ்சிக்கொள்ளும், மீட்டர் சத்தம் கொடுக்கும். உங்களுடைய ஸ்ட்ரிப் நுனியில் உறிஞ்சுமா பக்கவாட்டிலா என்று மட்டும் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, பத்து வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். இத்தனை நாள் ராத்திரி எழுந்து பார்த்தது நான். அவள் “எனக்குத் தெரியும், போம்மா” என்கிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பதில்: உங்கள் மகளுக்குத் தெரியும் அம்மா, நான் அவள் பக்கம். ஆனால் உங்கள் பயமும் வீண் இல்லை. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும், இன்னும் இறங்கினால் மூளை குழம்பும். கண் தெரிகிறவர்களில் சிலருக்குப் பார்வை மங்குவதே ஒரு எச்சரிக்கை, நமக்கு அது கிடையாது, அதற்குப் பதிலாகத் திசை போகும். ஒரு ராத்திரி என் வீட்டில், பதினைந்து வருடமாக நான் நடக்கிற அறையில், பீரோவைத் தடவித் தடவிக் கதவின் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டு நின்றேன். தாழ்ப்பாளை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று கோபம் வேறு. அப்புறம்தான் உடம்பு நனைந்திருப்பது உறைத்தது. அன்றிலிருந்து, தெரிந்த இடத்தில் வழி தவறினால் வேறெதையும் யோசிக்காமல் முதலில் குளுக்கோஸ் என்று வைத்திருக்கிறேன்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கிற, தோலில் ஒட்டும் சென்சார் வாங்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். மாடலைப் பொறுத்து பத்து நாள், பதினான்கு நாள் வரும். அதோடு வரும் தனிக் கருவிகள் பெரும்பாலும் பேசாது, போன் செயலி வழியாகப் போனால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் எண்ணைப் படித்துவிடும், ஏறுகிறதா இறங்குகிறதா என்கிற அம்புக்குறியையும் படிக்கும். இறங்கினால் அலாரம் அடிக்கும், அவள் சம்மதித்தால் உங்கள் போனிலும் அடிக்கும். சம்மதித்தால் என்றுதான் எழுதினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் போன் செய்தால் ஒரே வாரத்தில் அந்த வசதியை அணைத்துவிடுவாள். 70க்கு அவள் பார்த்துக்கொள்ளட்டும், 55க்கு நீங்கள் கூப்பிடுங்கள் என்று இப்போதே பேசி வையுங்கள்.

சென்சாரும் பொய் சொல்லும். அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலடி நீரை, அதனால் சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். அதன் மேல் சாய்ந்து படுத்தாலே இல்லாத தாழ்வைக் காட்டும். செயலி புதுப்பித்தபின் ஏதாவது ஒரு பொத்தான் ஊமையாகிப்போவதும் நடக்கும். அதனால் பேசும் மீட்டரும் பெட்டியில் போகட்டும்.

கட்டில் தலைமாட்டில், எழுந்திருக்காமலே கை எட்டும் இடத்தில் குளுக்கோஸ் மாத்திரை. குழப்பத்தில் இருப்பவளுக்குப் பொட்டலம் பிரிப்பதே பெரிய வேலை, அதனால் திருகு மூடி டப்பா. மாத்திரைக்கு 4 கிராம் என்றால் நான்கு மாத்திரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லையா, இன்னும் நான்கு. விரலால் எண்ணி எடுக்க முடிகிறதால்தான் ஜூஸைவிட இதைச் சொல்கிறேன். அறைத்தோழியிடம் ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்கிற மருந்து ஊசியாகவும் மூக்கில் செலுத்தும் பொடியாகவும் வருகிறது, டாக்டரிடம் கேட்டு வாங்கி, அதை எப்படிக் கொடுப்பது என்று அந்தப் பெண்ணுக்கும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: உடம்போடு மாட்டிக்கொண்டு இன்சுலின் செலுத்தும் பம்ப் வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?

பதில்: எண்ணுகிற தொல்லை குறையலாம். ஆனால் இப்போது வரும் பம்புகளில் பலவற்றுக்கும் தொடுதிரை, அந்தத் திரை பேசாது. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை வையுங்கள்: பார்க்கிற ஆள் யாரையும் தொடவிடாமல் டோஸ் கொடுப்பது, நிறுத்துவது, அலாரம் எதற்கு அடிக்கிறது என்று தெரிந்துகொள்வது, இந்த மூன்றையும் நீங்களே செய்து பாருங்கள். மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் எனக்கென்னவோ பேனாவே மேல்.

கேள்வி: காலில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்கிறார்கள். எதைக் கொண்டு பார்ப்பது?

பதில்: கையைக் கொண்டுதான். விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் அடி என்று தினமும் ஒரே வரிசையில். சூட்டுக்குப் புறங்கை நல்லது: ஒரு காலைவிட இன்னொன்று சூடாக இருந்தால் கவனியுங்கள். கழற்றிய சாக்ஸில் ஈரம், வாடை இருக்கிறதா என்று பாருங்கள். செருப்போ ஷூவோ, போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். ஆனால் விரல் நுனிகளே மரத்துப்போயிருந்தால் இந்த வேலையை உங்கள் கையிடம் ஒப்படைக்காதீர்கள். அப்போது வேறொருவர் கண்தான் வேண்டும், இதில் வீம்பு பார்த்தால் கால் போகும்.

கேள்வி: டாக்டர் என்னிடம் பேசுவதே இல்லை. “இவர் மதியம் எவ்வளவு போடுகிறார்?” என்று மனைவியைக் கேட்கிறார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: எனக்கும் நடந்தது. உள்ளே போனதும் அவர் வாய் திறக்கும் முன் நீங்கள் ஆரம்பியுங்கள்: “போன வாரம் மூன்று தடவை 60க்குக் கீழே இறங்கியது, மூன்றும் விடியற்காலை, ராத்திரி டோஸ் 18.” எண்ணோடு பேசுகிறவரைத் தாண்டிப் பக்கத்து ஆளைக் கேட்பது கஷ்டம். மனைவியிடமும் சொல்லி வையுங்கள், அவரைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்லாமல் உங்கள் பக்கம் திரும்பிவிட வேண்டும். எனக்கு இதைச் செய்தவள் என் தங்கை. டாக்டர் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாளாம், அப்புறம்தான் சொன்னாள். இரண்டாவது தடவையே அவர் என் பெயரைச் சொல்லி என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.